புலியும் ஆடும் புல்லுக்கட்டும்

ஆற்றங்கரையில் ஒரு குடியானவன் நிற்கிறான். அவனிடம் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு ஆகிய மூன்றும் இருக்கின்றன. கரையில் கட்டியுள்ள ஓடமோ மிகச் சிறியது. அவனோடு இம்மூன்றில் ஏதேனும் ஒன்றைத்தான் அது தாங்கும். அவன் அருகில் இல்லாத வேளையில் புலியும் ஆடும் ஒரே கரையில் இருந்தால் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆடும் புல்லுக்கட்டும் இருந்தால் ஆடு புல்லைத் தின்றுவிடும். மூன்றும் பழுதின்றி அக்கரை சேர்வது எப்படி?

இக்கணக்கைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தைகள் சிலரே. பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து போட்ட புதிர் இது. பொழுதுபோக்கிற்காகச் சொல்லப்பட்ட இந்தச் சிறிய கதையைக் கணித வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் அதிலிருந்து எவ்வளவு பெறலாம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நலம். புலிக்கு ஒரு கூழாங்கல்லும், ஆட்டுக்கு ஒரு புளியங்கொட்டையும், புல்லுக்கு ஒரு துரும்பும், குடியானவனுக்கு ஒரு பொத்தானும் போதும். தரையில் ஒரு கோடு கிழித்தால் அதுவே ஆறு.

ஆறு என்றதும் எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடல் எங்கள் பகுதியில்தான் உள்ளது. மூன்று ஆறுகள் கூடும் இடம் என்று பெயர். ஆயினும் வெள்ளம் வரும் சில நாட்கள் நீங்கலாக, ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணலைத்தான் காணலாம். ஓடம் ஏறி ஆற்றைக் கடந்த பிள்ளைகள் என் வகுப்பில் எவருமே இலர். ஆனால் ஆடு மேய்த்த பிள்ளைகள் பலர் இருந்தனர். ஆகவே கணக்கைச் சொல்லி முடித்தவுடன் அவர்களிடமிருந்து விடை வரவில்லை; வினாக்களே வந்தன.

“புலியைப் பிடித்துவைத்திருப்பவன் ஆட்டைக் கயிற்றால் மரத்தில் கட்ட மாட்டானா?” என்றான் ஒருவன். “புல்லுக்கட்டை மரக்கிளையில் ஏற்றி வைத்தால் ஆட்டுக்கு எட்டாதே” என்றான் மற்றொருவன். “புலியை எதற்காக ஐயா அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும்? இங்கேயே விட்டுவிட்டுப் போவதுதானே?” என்று மூன்றாமவன் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

இவ்வினாக்களைக் குறும்பு என்று ஒதுக்கிவிடலாகாது. உண்மையான ஆற்றங்கரையில் நிற்பவனுக்கு இவை நல்ல யோசனைகளே. ஆனால் கணக்கு என்பது ஓர் உடன்படிக்கை. எவை உண்டு, எவை இல்லை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, அந்த எல்லைக்குள் நின்று விடை காண்பதே அதன் இலக்கணம். கயிறு உண்டென்று கணக்குச் சொல்லவில்லை. ஆகவே கயிறு இல்லை. வடிவியலில் ‘தரவு’ என்று முதல் வரியில் எழுதுகிறோமே, அதன் பொருளும் இதுவே. யூக்ளிட் தமது நூலைத் தொடங்கும்போது ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்தி வைத்த காரணமும் இதுவே. தேற்றத்தில் தரவை எழுதச் சொன்னால் சலிப்படையும் மாணவர்கள், ஆட்டுக்குக் கயிறு உண்டா இல்லையா என்று கால்மணி நேரம் வாதாடியபின் அதன் தேவையைத் தாமாகவே உணர்ந்துகொண்டனர்.

இனிக் கணக்கிற்கு வருவோம். முதலில் எதைக் கொண்டுபோவது? புலியைக் கொண்டுபோனால் ஆடும் புல்லும் தனித்துவிடும். புல்லைக் கொண்டுபோனால் புலியும் ஆடும் தனித்துவிடும். ஆகவே ஆட்டைத்தான் கொண்டுபோக வேண்டும். இதில் எவருக்கும் தடையில்லை. ஆட்டை அக்கரையில் விட்டுக் குடியானவன் வெறும் ஓடத்துடன் திரும்புகிறான். அடுத்துப் புலியைக் கொண்டுபோனால் அங்கே ஆட்டுடன் அதை விட்டுவர இயலாது. புல்லைக் கொண்டுபோனாலும் அதே இடர். பெரும்பாலோர் திகைத்து நிற்பது இங்கேதான். தொடக்கத்திலிருந்து மறுபடியும் மறுபடியும் முயல்வர். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து முட்டிக்கொள்வர்.

என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எப்போதும் கடைசி வரிசையில் அமர்வாள். ஏன் என்று கேட்டால், “எனக்குக் கணக்கு வராது ஐயா” என்பாள். வீட்டிலும் அப்படியே சொல்லியிருந்தார்கள். அன்று புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தவள், “கொண்டுபோய் விட்டதைத் திரும்பக் கொண்டுவரலாமா ஐயா?” என்று கேட்டாள். “கூடாதென்று கணக்கில் சொல்லியிருக்கிறதா?” என்றேன். கரும்பலகையில் எழுதியிருந்த நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பார்த்து, “இல்லை” என்றாள். அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. புலியை அக்கரையில் விட்டு ஆட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆட்டை இக்கரையில் இறக்கிவிட்டுப் புல்லை ஏற்றிச் செல்ல வேண்டும். புலியும் புல்லும் ஒன்றையொன்று தீண்டா. பிறகு வெறும் ஓடத்துடன் வந்து ஆட்டை அழைத்துச் செல்ல வேண்டும். ஆக ஏழு பயணங்கள்.

சேர்த்ததைத் திரும்ப எடுப்பது நம் மனத்துக்குப் பிடிப்பதில்லை. குறியிலிருந்து விலகிச் செல்வதுபோலத் தோன்றுகிறது. இவ்வகைப் புதிர்களை மாணவர்களிடம் கொடுத்து ஆராய்ந்த உளவியல் அறிஞர்களும் 1970-களில் இதையே கண்டார்கள்: பின்னோக்கி வரவேண்டிய அந்த ஒரு படியில்தான் மிகுதியானோர் தயங்கி நிற்கிறார்கள்.

விடை கிடைத்ததோடு பாடத்தை முடித்துவிட்டால் அது விளையாட்டு. அதற்கு அப்பால் செல்வதே கணிதம். அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரியக் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்கைத் தீர்ப்பது எப்படி என்பது பற்றி 1945-இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளைக் கூறுகிறார். கணக்கைப் புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், நிறைவேற்றுதல், திரும்பிப் பார்த்தல் என்பன அவை. நான்காவது படியைத்தான் நாம் வகுப்பறைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

ஆகவே திரும்பிப் பார்ப்போம். குடியானவன், புலி, ஆடு, புல் என நான்கு. ஒவ்வொன்றும் இக்கரையில் இருக்கலாம், அல்லது அக்கரையில் இருக்கலாம். இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16. எனவே மொத்தம் 16 நிலைகளே உள்ளன. அவற்றிற்கு மேல் ஒன்றும் இல்லை. இவற்றில் குடியானவன் இல்லாத கரையில் புலியும் ஆடும் சேர்ந்திருக்கும் நிலைகளையும், ஆடும் புல்லும் சேர்ந்திருக்கும் நிலைகளையும், மூன்றும் சேர்ந்திருக்கும் நிலைகளையும் அடித்துவிடுங்கள். ஆறு நிலைகள் அடிபட்டுப் போகும். எஞ்சுபவை பத்து.

அந்தப் பத்தையும் தாளில் பத்துப் புள்ளிகளாக இடுங்கள். ஒரே பயணத்தில் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல முடிந்தால் அவ்விரண்டையும் கோட்டால் இணையுங்கள். ஓர் அழகிய படம் கிடைக்கும். முதல் மூன்று புள்ளிகள் ஒரே வழியாகச் செல்லும். பிறகு வழி இரண்டாகப் பிரியும். ஒன்று புலியை முதலில் கொண்டுபோகும் வழி, மற்றது புல்லை முதலில் கொண்டுபோகும் வழி. ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளிகள். பிறகு மீண்டும் ஒன்றாகக் கூடி மூன்று புள்ளிகள் கடந்து அக்கரை சேரும். மூன்றும் இரண்டும் இரண்டும் மூன்றும் பத்து. ஒரு புள்ளியும் வீணாகவில்லை. இந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு விடை இரண்டு என்பதும், மூன்றாவது விடை இல்லை என்பதும் ஐயமறத் தெரிந்துவிடும்.

ஏழுக்குக் குறைந்த பயணங்களில் முடிக்கலாகாதா? இதையும் எளிதில் தீர்மானிக்கலாம். ஒவ்வொரு பயணத்திலும் ஓடம் கரை மாறுகிறது. முடிவில் அது அக்கரையில் நிற்க வேண்டும். ஆகவே பயணங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்கும். மூன்று பொருள்களுக்கு மூன்று முறை போதலும், இடையில் இருமுறை திரும்புதலும் குறைந்தது வேண்டும், அது ஐந்து. ஆனால் ஐந்தில் முடிக்க வேண்டுமானால் எதையும் திரும்பக் கொண்டுவரலாகாது. ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்தே தீரவேண்டும் என்று முன்பே கண்டோம். ஆகவே ஐந்து போதாது, ஆறு இரட்டைப்படை, எனவே ஏழே மிகக் குறைவு. ஒரு சூத்திரமும் இன்றி நாம் ஒரு நிரூபணத்தைச் செய்துவிட்டோம்.

ஆகாதவற்றை முதலில் நீக்கி, எஞ்சியவற்றுள் வழி தேடும் இம்முறை எங்கள் ஊருக்குப் புதியதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டினது, மற்றது 921-ஆம் ஆண்டினது. குடவோலை முறைப்படி ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பாருங்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள், வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி. பிறகு விலக்கப்பட்டோர் பட்டியல் வருகிறது: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் என அது நீளுகிறது. இத்தனை பேரையும் நீக்கியபின் எஞ்சியோர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. 30 குடும்புகளிலிருந்து 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கு மட்டுமே உரிய அவை அது. இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக வைத்து எண்ணலாகாது. ஆயினும், நிபந்தனைகளை ஒளிவுமறைவின்றிக் கல்லில் பொறித்து, அவற்றிற்கு உட்பட்டே முடிவு காணவேண்டும் என்று எண்ணிய அந்த ஒழுங்கு கணித ஒழுங்கேயாகும். மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று அச்சுவரின் முன்னே நிறுத்தி இதை விளக்கினேன்.

ஆற்றைக் கடக்கும் கணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 800-ஆம் ஆண்டளவில், சார்லமேன் பேரரசரின் அவையில் ஆசிரியராக விளங்கிய ஆல்க்வின் என்னும் ஆங்கிலேய அறிஞர், இளைஞர்களின் அறிவைக் கூர்மையாக்கும் கணக்குகள் என்ற கருத்துப்பட ஒரு தொகுப்பை இலத்தீன் மொழியில் செய்ததாகக் கூறுவர். அதில் இது இருக்கிறது. அங்கே புலிக்குப் பதில் ஓநாய்; புல்லுக்குப் பதில் முட்டைக்கோசு. ஆப்பிரிக்காவில் வழங்கும் கதைகளிலோ சிறுத்தையும் இலைக்கட்டும் வருகின்றன. இவை மூன்றிலும் ஆடு மட்டும் மாறவில்லை!

ஆனால் ஆட்டின் சிறப்பு அது ஆடாக இருப்பதில் இல்லை. ஒரு புலியும் இரண்டு ஆடுகளும் என்று கணக்கை மாற்றிப் பாருங்கள். இப்போது முதலில் ஏற வேண்டியது புலி; திரும்ப வர வேண்டியதும் புலியே. மற்ற இருவரோடும் பகை கொண்டது எதுவோ, அதுவே ஓடத்தில் ஏறி இறங்க வேண்டியது. பெயர்களை நீக்கிவிட்டு உறவை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணவனுக்கு இரண்டு கணக்கும் ஒன்றே. இதை விரித்துக் கூறலாம். எத்தனை பொருள்கள் இருப்பினும், குறைந்தது எத்தனையை அப்புறப்படுத்தினால் எஞ்சியவை தமக்குள் பகையின்றி இருக்குமோ அந்த எண்ணிக்கை, அல்லது அதனினும் ஒன்று மிகுதி; ஓடத்தில் அவ்வளவு இடம் இருந்தால் போதும். இதனை நிறுவியவர்கள் சோர்பா, ஹுர்கென்ஸ், வோகிங்கர் என்னும் மூன்று அறிஞர்கள். நிறுவியது நம் 21-ஆம் நூற்றாண்டில். ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடைய ஒரு பிள்ளைக் கணக்கில் நேற்றுவரை கண்டுபிடிக்க வேண்டியது இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, இப்பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சில வாரங்கள் கழித்து அதே வகுப்பில் வேறொரு கணக்கைக் கொடுத்தேன். மூன்று வழிப்போக்கர்களும் மூன்று கள்வர்களும் ஆற்றைக் கடக்க வேண்டும். ஓடத்தில் இருவர்க்கே இடம். எல்லோருக்கும் ஓடம் செலுத்தத் தெரியும். வழிப்போக்கர் இருக்கும் எந்தக் கரையிலும் கள்வர் எண்ணிக்கை அவர்களைவிட மிகக்கூடாது. மாணவர்கள் முயன்று 11 பயணங்களில் முடித்தனர். “இனி நால்வரும் நால்வருமாக வைத்துக்கொள்ளுங்கள், ஓடம் அதேதான்” என்றேன்.

மறுநாள் வகுப்பில் விசாரித்தபோது, ஒவ்வொருவராக எழுந்து, “வரவில்லை ஐயா” என்றனர். கடைசி வரிசை மாணவி எழுந்து, “வராது ஐயா” என்றாள். மற்றவர்கள் நகைத்தனர். அவள் தன் ஏட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கூடாத நிலைகளை அடித்திருந்தாள். தொடக்கத்திலிருந்து செல்லக்கூடிய நிலைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கோடிட்டு இணைத்திருந்தாள். எண்மரில் நால்வருக்கு மேல் ஒருபோதும் அக்கரையில் சேர முடியாது என்பதும், அங்கிருந்து செல்லும் கோடுகள் எல்லாம் பின்னோக்கியே வருகின்றன என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

மாணவர்களே, ‘வரவில்லை’ என்பதற்கும் ‘வராது’ என்பதற்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது. பொருளளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முதலாவது, என் முயற்சியைப் பற்றிய செய்தி. இரண்டாவது, கணக்கைப் பற்றிய செய்தி. முதலாவதைச் சொல்ல நேர்மை போதும். இரண்டாவதைச் சொல்ல நிரூபணம் வேண்டும். பேரறிஞர்களும் இவ்விடத்தில் விழிப்பாக இருக்க வேண்டியிருந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணக்கில், நான்கு தம்பதியர் இருவர்க்கான ஓடத்தில் கடந்துவிடலாம் என்று 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணித மேதை தார்த்தாலியா எழுதினார். அது இயலாதென்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஷே சுட்டினார். அவருடைய கணிதப் புதிர் நூல் 1612-இல் வெளிவந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கு வளைந்து கொடுப்பதில்லை. இன்று கணிப்பொறிகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. 1968-இல் சால் அமரெல் என்னும் அறிஞர், இயந்திரத்துக்குச் சிந்திக்கக் கற்பிப்பது பற்றிய தமது கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது இந்த ஆற்றுக் கணக்கையே. நிலைகளை எவ்வாறு எழுதிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே கணக்கு எளிதாகவோ அரிதாகவோ ஆகிறது என்பதை அவர் விளக்கினார்.

இப்போது அந்த மாணவி முன்பு சொல்லிவந்த சொல்லை நினைத்துப் பாருங்கள். “எனக்குக் கணக்கு வராது.” இதுவும் ஒரு ‘வராது’ அன்றோ? இதற்கு நிரூபணம் எங்கே? எந்த நிலைகளை எழுதிப் பார்த்தார்கள்? எந்தக் கோடுகளை இணைத்துப் பார்த்தார்கள்? தேர்வில் இரண்டு முறை குறைந்த மதிப்பெண் வந்ததும் பெற்றோரும் சுற்றத்தாரும், சில வேளைகளில் ஆசிரியர்களும் தீர்ப்பெழுதிவிடுகின்றனர். சொல்லத்தக்கது ‘இன்னும் வரவில்லை’ என்பதுதான். அதற்குமேல் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. கணித விதியாகவே சொல்கிறேன்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். இப்புதிர்களைக் கொடுக்கும்போது விடையை விரைந்து சொல்லிவிடாதீர்கள். திண்ணைப் பள்ளிக் காலத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கே, காரி நாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தின் சுளைகளை எண்ணவும் பூசணிக்காயின் விதைகளை எண்ணவும் கணக்குச் சொல்லிற்று. வாய்ப்பாடும் வேண்டும், வியப்பும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். புளியங்கொட்டைக்குச் செலவில்லை.

முடிவாக, உங்களுக்கு ஒரு கணக்கு. 25 காவலர்கள் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். பாலம் இல்லை. ஒரு சிறு தோணியில் இரண்டு சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அத்தோணி இரண்டு சிறுவர்களைத் தாங்கும். அல்லது ஒரே ஒரு காவலரைத் தாங்கும். ஒரு காவலரையும் ஒரு சிறுவனையும் சேர்த்துத் தாங்காது. காவலர் அனைவரும் கடந்து, சிறுவர் இருவரும் அக்கரையிலேயே நிற்க வேண்டும். எத்தனை பயணங்கள்? 25-ஐக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரே ஒரு காவலருக்குச் செய்து பாருங்கள், பிறகு இருவருக்கு. அதன்பின் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தை வைத்து எழுதிப் பாருங்கள். இயற்கணிதம் தானாக வந்து நிற்கும். விடை வராவிட்டால், ‘வரவில்லை’ என்று எழுதி வைத்துவிட்டு நாளை மறுபடி பாருங்கள்.